பத்துக்கு ஒன்பது

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

இதையெல்லாம் நான் முன்பே சொன்னேன். சொன்னேனா இல்லையா, நீயே சொல்லு. உன் வீட்டுக்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான் என்று கல்யாணத்தன்றே உன் அத்தையின் காதில் சொன்னவன் நான். செருப்பை வாசலைப் பார்த்துக் கழற்றிப் போட்டிருந்தான், எழுந்ததும் ஓடுவதற்கு வசதியாக. உன் அத்தைக்கு முழங்கால் வலி வரும் என்றேன், வந்தது. பக்கத்து மாடி ஒழுகும் என்றேன், ஒழுகுகிறது. இப்போது உன் கம்பெனியின் எலக்ட்ரானிக் சிப்.

போன வருடம் நீ வந்தபோது லேப்டாப்பில் அதன் படத்தைக் காட்டினாயே, கட்டம் போட்ட போர்வை மாதிரி கலர் கலராக. பார்த்ததுமே ‘இது ஓடாது’ என்று எனக்குப் பட்டது. பெரிய இடத்தில் வேலை பார்க்கிற பெண்ணின் மனதை ஏன் நோகடிக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். நீயோ ‘சிப் வந்துவிட்டது. ஓடவில்லை. நான் நன்றாக இருக்கிறேன்’ என்று மூன்றே வரி எழுதியிருக்கிறாய். நாற்பது வருடமாக மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறேன் அம்மாடி. ஓடாத சாமானை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். உங்கள் கம்பெனிக்காரர்கள் ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்.

போகட்டும். சிப் வந்ததும் லீவு போட்டு வருகிறேன் என்று சொன்னாய். வருகிறாயா? அவசரம் ஒன்றும் இல்லை. உன் பெண் குட்டி, ராணி மாதிரி இருக்கிறாள். என் அக்கா, உன் அம்மா, உயிரோடு இருந்திருந்தால்கூட அவளை இப்படி வளர்த்திருக்க மாட்டாள் என்று தெருவே பேசுகிறது. கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பெரிய வாஷர்களையும் நட்டுகளையும் கம்பியில் கோர்க்கிறாள். அளவு வாரியாக! என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த ஆட்களுக்கு ஆறு மாதம் ஆகும் அதற்கு. (வாயில் போடுவாளோ என்று பயப்படாதே. வாய்க்குள் போகாத சைஸாகப் பார்த்துத்தான் உன் அத்தை எடுத்துக் கொடுக்கிறாள்.)

போனில் பேச வேண்டாம் என்று நீயும் அத்தையும் முடிவு செய்தது சரிதான். படத்தோடு பேசினால் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, நீ போனபின் போனைத் திருப்பித் திருப்பிப் பின்பக்கத்தில் உன்னைத் தேடி இரண்டு மணி நேரம் அழுகிறாள். குரல் மட்டும் என்றால் போனைத் தரையில் வைத்துவிட்டு வாஷர் கோர்க்கப் போய்விடுகிறாள். என்ன ஒரு வைராக்கியம்! நம்ம ரத்தம்.

இரண்டு வயதும் நான்கு மாதமும் ஆகிறது, இன்னும் ஒரு வார்த்தை வரவில்லையே என்று உன் அத்தை முனகுகிறாள். “நானே அஞ்சு வயசுலதாண்டி வாயைத் திறந்தேன்” என்றேன். “அதுக்கப்புறம் எங்க மூடினீங்க?” என்கிறாள்.

காலையில் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு “குட்டீ!” என்று ஒரே ஒரு குரல்தான் கொடுப்பேன். உள்ளறையில் எந்த மூலையில் இருந்தாலும் தடதடவென்று ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொள்கிறாள். இந்தத் தெருவில் எந்தப் பிள்ளையும் தாத்தா குரலுக்கு இப்படி வருவதில்லை. பொறாமையில் இரண்டு பேர் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

இப்படிக்கு,
எதையும் முன்பே சொல்லும் உன் மாமன்

மார்ச் 12

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன். தூங்குகிறேன்.

சிப் ஓடவில்லை என்றால் வெடித்தது, புகை வந்தது என்று அத்தையிடம் சொல்லியிருப்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சின்னப் பச்சை போர்டில் அதைப் பொருத்தி மின்சாரம் கொடுத்தோம். மீட்டரில் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம். ஆறு பேர் சுற்றி நின்றோம். ஒருவர் ஒயரைத் தொட்டுப் பார்த்தார். இன்னொருவர் போர்டை மாற்றினார். பதினோரு சிப்புகளை மாற்றி மாற்றி வைத்தோம். அதே பூஜ்யம். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நானும் போனேன்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் என்ன தவறு என்று எழுதுகிறேன். எழுதினால் நேரம் போகிறது.

சிப் செய்வதற்கு முன் அதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்போம். அது பல பகுதிகளாக இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு மூன்று வியூக்கள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் கம்பியும் வரைந்த நிஜ சர்க்யூட். இன்னொன்று, இந்தப் பகுதி என்ன செய்யும் என்று நாலைந்து வரியில் எழுதி வைத்த மாடல். மூன்றாவது, கம்பிகளின் நீளம், அகலம் எல்லாம் சேர்த்து அளந்து எடுத்தது. நிஜ சர்க்யூட் என்றால் அனலாக் சிமுலேட்டரில் ஓட வேண்டும். அது ஒவ்வொரு நொடித்துகளுக்கும் ஒவ்வொரு கம்பியிலும் எவ்வளவு மின்சாரம் என்று கணக்குப் போடும். மெதுவானது. மாடல் என்றால் டிஜிட்டல் சிமுலேட்டர் போதும். அதற்கு உண்டு, இல்லை என்ற இரண்டுதான். வேகமானது. முழு சிப்பையும் நிஜமாக ஓட்டினால் பதினெட்டு நாள். எல்லாவற்றையும் மாடலாக ஓட்டினால் நாற்பது நிமிடம். அதனால் கலந்து ஓட்டுவோம். எந்தப் பகுதிக்கு எந்த வியூ என்று ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியல் என் பொறுப்பு.

ரெஃபரன்ஸ் என்று ஒரு பகுதி. மற்ற எல்லாவற்றுக்கும் அளவாக ஒரே சீரான மின்னழுத்தம் கொடுப்பது அதன் வேலை. அது எழுந்தால்தான் மற்றவை எழும். அதற்கு மாடல் எழுதினது நான். ‘மின்சாரம் வந்தால் பத்து மைக்ரோ செகண்டில் தயார்.’ வேலை நடந்த எட்டு மாதமும் அந்த மாடலை வைத்தே ஓட்டினோம். கடைசி ஓட்டத்தில் நிஜத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். எங்களிடம் ஐந்து நாள்தான் இருந்தது. அந்த நிஜ சர்க்யூட்டைத் தனியாக ஓட்டிப் பார்த்திருந்தார்கள், தனியாக நன்றாக ஓடியது. அதனால் நான் மாற்றவில்லை.

அந்த சர்க்யூட்டுக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று, சரியான மின்னழுத்தத்தில் ஓடுவது. மற்றது, எதுவும் ஓடாமல் எல்லாமே பூஜ்யமாக இருப்பது. கணக்குப்படி இரண்டும் சரி. பூஜ்யத்தில் உட்கார்ந்துவிட்டால் அதற்கு ஒரு குறையும் இல்லை, அங்கேயே இருக்கும். தள்ளிவிடுவதற்கென்று பக்கத்தில் ஒரு சின்ன சர்க்யூட் வைத்திருந்தார்கள். மின்சாரம் சட்டென்று வந்தால் அது தள்ளும். போர்டில் மின்சாரம் மெதுவாக ஏறுகிறது. தள்ளவில்லை. அவ்வளவுதான்.

யாரும் என்னைத் திட்டவில்லை. மறுபடி செய்யப் போகிறார்கள். இருந்து சரிசெய்து கொடுக்கிறாயா என்று கேட்டார்கள். இருப்பதென்றால் ஜூலை கடைசி வரை லீவு கிடையாது. இல்லையென்றால் இப்போதே கிளம்பலாம், வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். ஏப்ரல் 12-க்குள் சொல்ல வேண்டும். எனக்கு எந்தப் பக்கமும் ஒன்றும் தோன்றவில்லை. குட்டிக்கு நான் இப்போதே வேண்டுமா, ஜூலை வரை பொறுக்கலாமா. அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஒரு கேள்வி. ஷட்டரைத் தூக்காமல் எப்போதாவது அவளைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மார்ச் 19

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் உரக்கப் படித்தேன். மோட்டார் எடுக்க வந்த வாத்தியார் வாயைப் பிளந்துவிட்டார். இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் மின்சாரப் பாடம் நடத்தினவர், அவருக்கு வியூ என்றால் என்னவென்று தெரியவில்லை. நான்தான் விளக்கினேன்.

“வாத்தியாரே, ஒரு பொருளுக்கு மூணு வியூ. ஒண்ணு, அது என்ன செய்யும்னு சொல்றது. இன்னொண்ணு, அதுக்குள்ள என்ன இருக்குங்கிறது.”

“மூணாவது?”

மூன்றாவது மறந்துபோய்விட்டது. “மூணாவது கம்பெனி ரகசியம்” என்றேன்.

“அப்போ உம்மைப் பத்தி நீரே சொல்லிக்கிறது ஒரு வியூ, உம்ம வீட்டம்மா சொல்றது ஒரு வியூன்னு வச்சுக்கலாமா?”

உள்ளேயிருந்து உன் அத்தை: “என்னுது அந்த மெதுவா ஓடுற மெஷினு. பதினெட்டு நாள் ஆகும். உக்காந்து கேக்குறீங்களா?”

வாத்தியார் மோட்டாரைக்கூட எடுக்காமல் சிரித்துக்கொண்டே போனார்.

உன் சிப்புக்கு வந்த நோய் எனக்குப் புதிதில்லை. சின்ன வீட்டு மோட்டாரில் ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர் போய்விட்டால் கரண்ட் இருக்கும், காயில் இருக்கும், எல்லாம் சரியாக இருக்கும், ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டே நிற்கும், சுற்றாது. ஷாஃப்டைக் கையால் ஒரு சுண்டு சுண்டினால் பிய்த்துக்கொண்டு ஓடும். உங்கள் ஆறு பேரில் ஒருவருக்காவது அதைச் சுண்டிப் பார்க்கத் தோன்றியதா? நான் அங்கே இருந்திருந்தால் எட்டு மாத வேலை எட்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். இந்த மாதிரி நான் எழுப்பிவிட்ட மோட்டார்கள் பத்தாயிரம் இருக்கும். சரி, ஐயாயிரம்.

குட்டியைப் பற்றி ஏதோ கேட்டிருந்தாய். என்ன கேள்வி அது? ஷட்டர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, கூப்பிடுகிறவன் நானல்லவா? போன வாரம் பெரிய மழை. இடி இடித்தபோது ஜன்னலில் நின்றுகொண்டு கையைத் தட்டிச் சிரித்தாள். மற்ற பிள்ளைகள் கட்டிலுக்கடியில் ஒளியும். இவள் இடிக்குத் தாளம் போடுகிறாள்!

“ஒரு தடவை காது டாக்டர்கிட்ட காட்டிட்டு வரலாமே” என்கிறாள் உன் அத்தை. அவளுக்கு எதற்கெடுத்தாலும் டாக்டர்தான். “காதுல என்னடி குறை? நான் பேசறதைக் கேட்டுக் கேட்டுத்தான் அது வாயைத் திறக்காம இருக்கு, எனக்கு மரியாதை” என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

நீ வேலையைப் பார். மறக்காமல் சுண்டிவிடு.

இப்படிக்கு,
உன் மாமன்

மார்ச் 27

மாமாவுக்கு,

இடிக்கு முன்னால் மின்னல் வரும். அவள் ஜன்னலில்தான் நின்றிருக்கிறாள்.

ஷட்டரைத் தூக்கினால் தரை அதிரும். கடைக்கும் உள்ளறைக்கும் ஒரே தரை. ஷட்டர் திறந்ததும் வருகிற வெளிச்சம் அவள் கண்ணில் படும். நீங்கள் குரலும் கொடுக்கிறீர்கள். மூன்றும் சேர்ந்து வருவதால் எதற்கு ஓடி வருகிறாள் என்று சொல்ல முடியாது. இங்கே எங்களுக்கு நடந்ததும் இதுதான். சுற்றியிருந்தவை எல்லாம் சரியாக ஓடியதால் உள்ளே இருந்தது ஓடுகிறதா என்று தனியே பார்க்கவில்லை.

இப்படிச் செய்யுங்கள். பகலில், அவள் பசியோ தூக்கமோ இல்லாத நேரத்தில். டெஸ்ட் பண்ணுகிற மோட்டார் எதுவும் ஓடக்கூடாது. ஃபேனை நிறுத்துங்கள், காற்று முதுகில் படக்கூடாது. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கம்பியில் கோர்த்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் முன்னதாகவே பின்னால் போய் உட்கார்ந்துவிடுங்கள். நடந்து வந்தால் தரையில் தெரியும். உங்கள் நிழல் அவள் முன்னால் விழக்கூடாது. பளபளப்பாக எதுவும் எதிரில் இருக்கக்கூடாது. ஐந்து தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஐந்து தடவை தட்டில் கரண்டியால் தட்டுங்கள், தட்டு கையில் இருக்கட்டும், தரையில் வைக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நூறு எண்ணுங்கள். திரும்பினாளா இல்லையா என்று அத்தை எழுதட்டும்.

கூட்டிச் சொல்லாதீர்கள் மாமா. திரும்பினால் திரும்பினாள். இல்லையென்றால் இல்லை. எத்தனைக்கு எத்தனை என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் பதிலை வைத்துத்தான் 12-ஆம் தேதி சொல்லப் போகிறேன். வேறு எதை வைத்துச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இங்கே மரம் எல்லாம் துளிர்த்திருக்கிறது என்று பக்கத்து மேசைப் பெண் சொன்னாள். பார்த்தேன். துளிர்த்துத்தான் இருந்தது.

ஏப்ரல் 4

அன்புள்ள மருமகளுக்கு,

உன் உத்தரவுப்படி பரீட்சை நடத்தியாயிற்று. ராக்கெட் விடுகிற இடத்தில்கூட இவ்வளவு ஏற்பாடு செய்திருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணி. கடையில் மெயின் ஸ்விட்ச்சையே இறக்கிவிட்டேன். ஃபேன் நின்றது. தெருமுனையில் மண் இறக்கிக்கொண்டிருந்த வண்டிக்காரனிடம் போய் “அரை மணி நேரம் பொறுப்பா, விஞ்ஞானப் பரிசோதனை நடக்குது” என்றேன். “என்ன விஞ்ஞானம்?” என்றான். “சொன்னா உனக்குப் புரியாது” என்றேன். பொறுத்தான். சாக்குகளைத் தரையில் விரித்து, செருப்பில்லாமல், ஏழடி பின்னால் போய் உட்கார்ந்தேன். குட்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்து கோர்த்துக்கொண்டிருந்தாள். உன் அத்தை சாக்பீஸோடு கதவோரம் நின்றாள், நடுவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. சுவரில் பத்துக் கோடு போட்டு வைத்தாள்.

முதல் தடவை “குட்டீ” என்றேன். திரும்பினாள் பார், பட்டாளத்துச் சிப்பாய் மாதிரி! இரண்டாவது தடவை திரும்பி ஒரு சிரிப்பு. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவதும் திரும்பினாள். ‘இந்தக் கிழவனுக்கு என்ன வந்தது’ என்கிற மாதிரி ஒரு பார்வை, அப்படியே என் அக்காவின் பார்வை. அப்புறம் தட்டு. ஆறாவது, திரும்பினாள். ஏழாவது தடவை மட்டும் திரும்பவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீதான் கூட்டிச் சொல்லக்கூடாது என்றாயே. அப்போது ஒரு பெரிய நட்டைக் கம்பியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கம்பி வளைந்திருந்தது, நட்டு பாதியில் நின்றுவிட்டது. வேலையில் மூழ்கியிருக்கிறவளை நடுவில் கூப்பிட்டது என் தப்பு. எட்டு, ஒன்பது, பத்து, மூன்றுக்கும் திரும்பினாள்.

ஆக, பத்துக்கு ஒன்பது. வாத்தியார் பள்ளிக்கூடத்தில் யாரும் இந்த மார்க் வாங்கினதில்லையாம்.

நிம்மதியாக உன் வேலையை முடித்துவிட்டு ஜூலையில் வா. சிப்பைச் சுண்டினாயா?

இப்படிக்கு,
உன் மாமன்

ஏப்ரல் 13

மாமாவுக்கு,

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜூலை 30 வரை.

வேலை போன வாரமே தொடங்கிவிட்டது. பட்டியலில் ரெஃபரன்ஸுக்கு எதிரே நிஜ சர்க்யூட் என்று மாற்றினேன். ஒரு வரி. மின்சாரம் மெதுவாக ஏறுகிற மாதிரி வைத்து, முழு சிப்போடு, மெதுவான சிமுலேட்டரில் ஓட விட்டிருக்கிறேன். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நகர்கிறது. காலையில் வந்து பார்த்தால் முந்தின நாளைவிட விரல் அகலம் நகர்ந்திருக்கும். தள்ளும் சர்க்யூட்டையும் மாற்றி வரைந்திருக்கிறார்கள். நீங்கள் சொன்ன மாதிரி சுண்டுவதற்குத்தான். கோடு இன்னும் பூஜ்யத்தில்தான் இருக்கிறது. எழுந்திருக்குமா என்று அடுத்த வாரம் தெரியும். மற்றவர்கள் தேநீர் எடுத்துக்கொண்டு வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

சிப் ஏன் ஓடவில்லை என்று இங்கே நடந்த விசாரணையில் ஒரு கேள்வி கேட்டார்கள். எட்டு மாதம் ஓடின ஒரு மாடலை ஏன் ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை என்று. நான் அதைத் திறந்து காட்டினேன். எப்போதும் சரியாகப் பத்து மைக்ரோ செகண்ட் என்று வந்திருந்தால் யாராவது இது நிஜமில்லை, எழுதி வைத்தது என்று கண்டுபிடித்திருப்பார்கள். நான் கொஞ்சம் முன்னே பின்னே வருகிற மாதிரி எழுதியிருந்தேன். ஒரு தடவை ஒன்பது வரும். ஒரு தடவை பதினொன்று. நிஜ சர்க்யூட் அப்படித்தான் கொஞ்சம் தடுமாறும். யாரையும் ஏமாற்ற எழுதவில்லை. நல்ல மாடலை அப்படித்தான் எழுதுவார்கள். அந்தச் சின்னத் தடுமாற்றத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் ஓடுவது நிஜ சர்க்யூட் என்று எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் நானும்.

உங்கள் கடிதத்தில் பத்துக்குப் பத்து என்று இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஒன்பது என்று எழுதியிருந்தீர்கள். நட்டு பாதியில் நின்றதையும் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கையெழுத்துப் போட்டேன்.

நன்றி மாமா. அத்தையிடமும் சொல்லுங்கள்.

ஏப்ரல் 21

அன்புள்ள மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். முதலில் கிழித்ததில் வாத்தியார் மோட்டார் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. நல்ல கதை. இன்னொரு நாள் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்தபோது கடையில் ஆள் இருந்தது. வழக்கம்போல உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். நன்றி மாமா என்கிற இடம் வரைக்கும் வரவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன். “என்னாச்சு?” என்றார் வந்தவர். “கண்ணாடி மாத்தணும்” என்றேன். கடிதத்தை உன் அத்தை வாங்கிப் படித்தாள். படித்து முடித்து மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். இரண்டு நாள் போயிற்று. நேற்று சாப்பாடு போடும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“அவ அந்த ஒன்பதை நம்பித்தானே கையெழுத்துப் போட்டிருக்கா.”

“ஆமா.”

“நீங்க எழுதறீங்களா, நான் எழுதட்டுமா?”

“நான்தான் எழுதுவேன்.”

“மிச்சம் வைக்காம எழுதுங்க.”

சரி, வைக்கவில்லை.

திங்கட்கிழமை காது டாக்டரிடம் போனோம். உன் அத்தைதான் தூக்கிக்கொண்டு நடந்தாள். என்னை வா என்று சொல்லவில்லை. நானாகப் பின்னால் போனேன். அந்த அறையில் சுவர் முழுக்கப் பஞ்சு வைத்து அடைத்திருக்கிறார்கள், நாம் பேசுவதே நமக்கு அடுத்த வீட்டில் பேசுகிற மாதிரி கேட்கிறது. குட்டியின் காதில் எதையோ மாட்டினார்கள். ஒரு பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். அழுத்தினாள் என்று அவள் கையைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. குட்டி என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பெண் சத்தத்தைக் கூட்டினாள் போலிருக்கிறது, எனக்கே காது அடைத்தது. குட்டி பொத்தானை விடவில்லை.

“அம்மா எங்க இருக்காங்க?” என்றார் டாக்டர்.

“தூரத்துல. பெரிய வேலை. சிப் செய்றா” என்றேன். அங்கேயும் விடவில்லை பார் நான்.

“வரச் சொல்லுங்க. இன்னும் ரெண்டு டெஸ்ட் இருக்கு, அப்புறம் மிஷின் வைக்கணும், பேசப் பழக்கணும். எல்லாத்துக்கும் அம்மா பக்கத்துல இருக்கணும். வயசு ஏற ஏறக் கஷ்டம். ஜூலையெல்லாம் வேண்டாம்.”

ஜூலை என்று நான் சொல்லவே இல்லை. உன் அத்தை சொல்லியிருக்கிறாள்.

ஏன் அப்படி எழுதினீர்கள் என்று நீ கேட்பாய். நீ பத்து வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலா போனபோது எனக்கு எட்டுப் பக்கம் எழுதினவள். பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், யார் வாந்தி எடுத்தார்கள் என்பது உட்பட. இப்போது சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று எழுதுகிறாய். மரம் துளிர்த்திருக்கிறது என்று இன்னொருத்தி சொல்லித்தான் பார்க்கிறாய். அந்தப் பூஜ்யத்தைப் பற்றி எழுதியிருந்தாயே, அதை நான் நாலு தடவை படித்தேன். சிப்பைப் பற்றித்தான் எழுதினாய் என்று தெரியும். இருந்தாலும், இதையும் உன் தலையில் தூக்கி வைத்தால் என்ன ஆவாயோ என்று பயந்துவிட்டேன். இது காரணம்தான், சாக்கு இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. எழுதாதவரை அது நடக்கவில்லை என்று இருந்தது எனக்கு.

எல்லாவற்றையும் முன்பே சொன்னேன் என்று சொல்கிறவன் நான். இது ஒன்றைத்தான் சொல்லவில்லை. இது ஒன்றுதான் எனக்கு உண்மையாகவே முன்பே தெரியும்.

அந்த சனிக்கிழமை காலை நடந்ததில் பெரும்பாலும் நிஜம். மெயின் ஸ்விட்ச்சை இறக்கினேன். வண்டிக்காரனை நிறுத்தினேன். சாக்கு விரித்தேன். கத்தவில்லை, நீ சொன்ன மாதிரிதான் கூப்பிட்டேன், நூறு நூறாக எண்ணினேன். உன் அத்தை பத்துக் கோடு போட்டது நிஜம். பத்தாவது முடிந்ததும் ஒரு கோட்டுக்கு எதிரேகூட ஒன்றும் எழுதாமல் சாக்பீஸை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து, பதினோராவதாக ஒரு தடவை, கணக்கில் சேராமல், தரையைக் காலால் உதைத்தேன். சட்டென்று திரும்பிச் சிரித்துக்கொண்டே என்னிடம் ஓடி வந்தாள்.

அந்த ஒன்பது நான் போட்டது. பத்து என்று போட்டால் நீ நம்ப மாட்டாய் என்று எனக்கும் தெரிந்திருந்தது.

கையெழுத்துப் போட்டால் என்ன, போய்ச் சொல்லு. என் கடிதத்தைக் காட்டு. என் மாமன் பொய் சொன்னான் என்று சொல்லு. கிளம்பி வா.

அந்த நட்டு மட்டும் நிஜம் அம்மாடி. கம்பி வளைந்துதான் இருந்தது, நட்டு பாதியில் நின்றுதான் போயிருந்தது. அதை ஏற்றவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழாவது தடவை மட்டும் இல்லை. பத்துத் தடவையும்.

மாமன்